தலையில் அடிபட்டால்: முதல் ஒரு மணி நேரமும் அடுத்த ஒரு நாளும்

உடம்பில் வேறு எங்கு அடிபட்டாலும் வலி எங்கே என்று கேட்கிறோம். தலையில் அடிபட்டால் மட்டும் ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறோம். ரத்தம் கொட்டினால் அலறுகிறோம். வரவில்லை என்றால் "நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை" என்று தூக்கி உட்கார வைத்து சோடா வாங்கிக் கொடுக்கிறோம். இது சரியான அளவுகோலே அல்ல. தலைத்தோலில் ரத்தக்குழாய்கள் மிகுதி. சிறு கிழிசலுக்கே சட்டை நனையும்படி ரத்தம் வரும். மூன்று தையலில் சரியாகியும் விடும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல், உள்ளே கசிந்து உயிரைக் கொண்டுபோகும் அடிகளும் உண்டு.

நான் இந்நகரத்து மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் 29 ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு லிங்கராஜபுரத்தில். ரயில் பாதைக்கு மேலே போகும் மேம்பாலம், அதன் இரு பக்கமும் நெரிசல், மாடிக்கு மேல் மாடி எழும்பிக்கொண்டிருக்கும் வீடுகள், கைப்பிடி இல்லாத வெளிப்படிக்கட்டுகள் என்று எங்கள் பகுதியில் தலையில் அடிபட வாய்ப்புகள் ஏராளம். சாரத்தில் நின்று பூசுவேலை செய்கிறவர்களில் தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்து நம் மக்களும் உண்டு. சங்கத்தின் மகளிர் பகுதியினர் "எல்லோருக்கும் புரியும்படி எழுதித் தாருங்கள் அக்கா" என்று கேட்டதற்கிணங்க இதை எழுதுகிறேன். மருத்துவரிடம் போய்ச் சேரும் வரை நாம் செய்ய வேண்டியதும், செய்யக் கூடாததும் மட்டுமே இதில் உண்டு.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ராமன் லாம்பாவை நினைவிருக்கும். இந்திய அணிக்காக ஆடியவர். 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில் ஒரு கிளப் போட்டியில், மட்டையாளருக்கு மிக அருகே ஃபீல்டிங் நின்றார். ஓவரில் சில பந்துகளே மீதமிருந்ததால் ஹெல்மெட் அணியவில்லை. அடித்த பந்து நேரே அவர் தலையில் பட்டுத் தெறித்தது. விழுந்தவர் எழுந்தார், பேசினார், தம் காலாலேயே நடந்து உடைமாற்றும் அறைக்குப் போனார். பார்த்தவர்கள் பெரிதாக ஒன்றும் இல்லை என்றே நினைத்திருப்பார்கள். சற்று நேரத்தில் நிலை மோசமாகி நினைவிழந்தார். மூளையில் ரத்தக்கட்டு. அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை. பிப்ரவரி 23 அன்று இறந்தபோது அவருக்கு வயது 38. அவருக்கு முன்பே, 1962இல் பார்படாஸில் நமது கேப்டன் நாரி கான்ட்ராக்டருக்குத் தலையில் பந்து பட்டு மண்டையோடு உடைந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் பிழைத்தார். பிறகு முதல்தரப் போட்டிகளில் ஆடவும் செய்தார்.

லாம்பா எழுந்து நடந்த அந்த நேரத்தைத்தான் நீங்கள் மனத்தில் வைக்க வேண்டும். அடிபட்டவர் கொஞ்ச நேரம் தெளிவாக இருந்து, பிறகு சரிவது தலைக்காயத்தில் தெரிந்த விஷயம். காரணம் எளிது. மண்டையோடு மூடிய பெட்டி. வயிற்றில் ரத்தம் கசிந்தால் வயிறு உப்பும். தொடையில் கசிந்தால் தொடை வீங்கும். மண்டைக்குள் கசியும் ரத்தத்துக்குப் போக இடமில்லை. முதலில் மூளையைச் சுற்றியுள்ள நீர் விலகி இடம் கொடுக்கிறது. அதுவரை ஆள் பேசுவார், சிரிப்பார், "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்பார். இடம் தீர்ந்ததும் ரத்தம் மூளையை அழுத்தத் தொடங்குகிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டு வரை அந்த அழுத்தம் இறங்கிவிட்டால் பிறகு எந்த மருத்துவராலும் அதிகம் செய்ய முடியாது.

நெற்றிப்பொட்டை நம் முன்னோர் சரியாகத்தான் குறித்து வைத்திருந்தார்கள். "பொட்டில் அடித்தாற்போல்" என்று இன்றும் சொல்கிறோம். மண்டையோட்டிலேயே எலும்பு மெல்லியதாக இருக்கும் இடம் அது. அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிந்து அந்தத் தமனி கிழிந்தால் சில மணி நேரத்தில் ஆபத்து. சிரையில் கசிவு என்றால் மெதுவாக, நாட்கணக்கில் வரும்.

எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்

அடிபட்டபோது ஒரு நிமிடமாவது நினைவு தப்பியிருந்தால் அதுவே மருத்துவமனைக்குப் போகப் போதுமான காரணம். பிறகு விழித்து நன்றாகப் பேசினாலும் போக வேண்டும். என்ன நடந்தது என்பதே நினைவில்லாதது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் கண் செருகும் தூக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வது, நாக்குழறல், ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாக விரிவது ஆகிய எல்லாமே ஆபத்தின் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலே கிளம்ப வேண்டும். இரண்டாவதற்காகக் காத்திருக்கக் கூடாது.

காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் போன்ற தெளிந்த நீர் வடிந்தால் அதைச் சளி என்று துடைத்துவிடாதீர்கள். மண்டையோட்டின் அடிப்பாகம் உடைந்து, மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவதாக இருக்கலாம். கண்ணில் அடிபடாமலே இரு கண்களைச் சுற்றியும் கருநீலம் படர்வதும், காதுக்குப் பின்னால் கன்றுவதும் அதே எலும்பு முறிவைத்தான் காட்டுகின்றன. ஆனால் அவை தெரிவதற்கே பல மணி நேரம் ஆகும்.

கைக்குழந்தைகள் சொல்ல மாட்டார்கள். தேற்ற முடியாத அழுகை, பால் குடிக்க மறுப்பது, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு கிடப்பது, அழாதபோதும் உச்சிக்குழி புடைத்திருப்பது, தலையின் பக்கவாட்டில் மெத்தென்ற வீக்கம் ஆகியவற்றைத் தாய்தான் கவனிக்க வேண்டும். வீங்கிய இடத்தை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. தயவுசெய்து விட்டுவிடுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை மெல்ல ஒற்றினால் போதும்.

முதியவர்கள் விஷயம் வேறு. வயதானால் மூளை சற்றுச் சுருங்குகிறது. மண்டைக்குள் இடம் கூடுகிறது. ஆகவே கசிவு வெகு நாள் மறைந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பரணில் இடித்துக்கொண்டார். சின்ன வீக்கம், அடுத்த நாளே எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்து நடை தள்ளாடியது, படுக்கையில் சிறுநீர் போனது, பேரனின் பெயர் மறந்தது. "வயசாகிவிட்டது" என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். மருமகள் மட்டும் விடாமல் ஸ்கேனுக்கு அழைத்துப் போனாள். மண்டையோட்டில் சிறு துளையிட்டுப் பழைய ரத்தத்தை வடித்தார்கள். நாலாம் நாள் அவர் தினத்தந்தி கேட்டார். இப்படித் திரும்பி வருகிறவர்களும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதாவது அசிட்ரோம், வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்றவை எடுப்பவர்கள், தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, எழுதவே கசப்பானது. கட்டட வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் கூலி வாங்கிய இரவில் படியில் உருண்டார். வாயில் சாராய வாடை. "தண்ணி போட்டிருக்கிறான், தூங்கி எழுந்தால் தெளியும்" என்று உடனிருந்தவர்கள் பாயில் படுக்க வைத்தார்கள். இரவெல்லாம் குறட்டை விட்டாராம். விடியற்காலையில் எங்களிடம் வந்தபோது ஒரு கண் பாவை முழுக்க விரிந்திருந்தது. ஊரிலிருந்து அவர் மனைவி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடனிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குடித்தவருக்கும் மண்டைக்குள் ரத்தம் கசியும். போதையா, காயமா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தலையில் அடிபட்டவர் விடும் குறட்டை தூக்கமல்ல. நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும் சத்தம்.

கை வைக்கும் முன்

சாலையில் என்றால் முதலில் வண்டிகளை நிறுத்துங்கள். உதவ ஓடுகிறவரே அடிபடுவதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து 108. ஒருவர் ஃபோன் செய்யட்டும், இன்னொருவர் அடிபட்டவரிடம் இருக்கட்டும்.

நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், இருவர் கையையும் இருவர் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிப்பது. தலை தொங்கும். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு தூக்கலிலேயே தண்டுவடம் நசுங்கிவிடலாம்; பிழைத்தாலும் கை கால் வராது. தலையில் பலத்த அடி என்றால் கழுத்திலும் அடி இருப்பதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு உள்ளங்கைகளாலும் தலையின் இரு பக்கமும் பிடித்து, கிடக்கும் நிலையிலேயே அசையாமல் வைத்திருங்கள். நினைவிருந்தால் "தலையைத் திருப்பாதீங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.

மூச்சு எல்லாவற்றுக்கும் முன். மார்பு ஏறி இறங்குகிறதா பாருங்கள். குறட்டை போலச் சத்தம் வந்தால், தலையைப் பின்னால் சாய்க்காமல், தாடையின் இரு மூலைகளிலும் விரல் கொடுத்துக் கீழ்த்தாடையை முன்னோக்கித் தூக்குங்கள், நாக்கு விலகும். வாந்தி வந்தால், மல்லாந்து கிடப்பவரின் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். மூன்று நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் தலையைப் பிடித்திருக்க, தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி மரக்கட்டையை உருட்டுவது போல ஒருக்களித்துத் திருப்புங்கள். மூச்சே இல்லை என்றால் கழுத்தைப் பற்றிய கவலை இரண்டாம் பட்சம். நடுமார்பில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை ஆள் மாற்றி ஆள் செய்யலாம்.

ரத்தம் வருமிடத்தில் துவைத்த துணியை மடித்து வைத்து அழுத்துங்கள். நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வையுங்கள். ஆனால் எலும்பு உள்ளே அமுங்கியது போலத் தெரிந்தால் அங்கே அழுத்தக் கூடாது. துணியால் லேசாக மூடினால் போதும். கம்பியோ கண்ணாடியோ குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். காது, மூக்கிலிருந்து வடிவதைப் பஞ்சு வைத்து அடைக்காதீர்கள். காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள் அப்புவது வேண்டாம். தையல் போடும் முன் அதைக் கழுவி எடுக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும்.

வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். நினைவு மங்கியவருக்கு விழுங்கத் தெரியாது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும் வயிறு காலியாக இருப்பதே நல்லது. தலைவலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன் கூடாது; அவை ரத்தம் உறைவதைக் கெடுக்கும். வலிப்பு வந்தால் சாவிக்கொத்து, இரும்பு எதையும் கையில் திணிக்க வேண்டாம், வாயில் கரண்டி வைக்கவும் வேண்டாம். பக்கத்தில் இடிக்கக்கூடிய பொருட்களை விலக்குங்கள். வலிப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று பாருங்கள்.

ஹெல்மெட் அணிந்திருந்தால், மூச்சு நன்றாக வரும்வரை அதைக் கழற்ற வேண்டாம். முகமூடியை மட்டும் உயர்த்துங்கள். மூச்சுக்காகவோ வாந்திக்காகவோ கழற்றியே ஆக வேண்டுமென்றால் இருவர் வேண்டும். ஒருவர் கீழிருந்து தாடையையும் கழுத்தின் பின்புறத்தையும் தாங்க, மற்றவர் ஹெல்மெட்டின் இரு பக்கங்களையும் அகட்டி மெல்ல உருவ வேண்டும்.

ஹெல்மெட்டுக்கும் ஒரு கதை உண்டு. 'அரேபிய லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற டி.இ. லாரன்ஸ் 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரைக் கவனித்தவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர், அதன்பின் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு ஹெல்மெட் வந்தது அந்த ஆய்வின் பலன். நம் நகரில் 2021 ஜூனில், தேசிய விருது பெற்ற கன்னட நடிகர் சஞ்சாரி விஜய் நண்பரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தார். அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று கர்நாடகத்தில் 2016 முதலே நடைமுறை. ஆனாலும் புடவையோடு ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் குழந்தையையும் வைத்துக்கொண்டு, வெறுந்தலையோடு மேம்பாலம் ஏறும் நம் பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். போலீஸுக்காகப் போடும் சட்டி போன்ற அரைத் தொப்பியும், வார் கட்டாத ஹெல்மெட்டும் விழும்போது உதவாது.

எங்கே கொண்டுபோவது

ஆம்புலன்ஸ் வரவே வழியில்லை என்றால் ஆட்டோவைவிடச் சரக்கு ஆட்டோ மேல். ஒரு பலகையோ கழற்றிய கதவோ கிடைத்தால் அதில் படுக்க வைத்து, ஒருவர் தலையை விடாமல் பிடித்துக்கொண்டு போகலாம். ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்தால் கழுத்து முன்னால் விழுந்து மூச்சு அடைபடும்.

மூச்சுத் திணறினாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ கிட்ட இருக்கும் மருத்துவமனையே முதல். மற்றபடி சி.டி. ஸ்கேனும் மூளை அறுவை மருத்துவரும் இரவிலும் இருக்கும் இடமாகப் பார்த்துப் போக வேண்டும். "எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பு உடையலை" என்று திருப்தி அடையாதீர்கள். எக்ஸ்ரேயில் ரத்தக்கசிவு தெரியாது. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் 1974இல் தொடங்கப்பட்ட மத்திய நிறுவனம். மூளை, நரம்பு அவசர சிகிச்சை இரவும் பகலும் உண்டு. எங்கள் பகுதியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மார்பு, வயிறு, இடுப்பு ஆகியவற்றிலும் பெரிய அடி இருந்தால் எல்லாத் துறைகளும் ஒரே இடத்தில் உள்ள பெரிய மருத்துவமனை வேண்டும். உங்கள் வீட்டுக்கு எது அருகில் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.

மருத்துவமனையில் ஒரு விஷயம் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்களுக்கே உரியது. 1974இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் வகுத்த அளவுகோல்படிதான் உலகெங்கும் தலைக்காயத்தை மதிப்பிடுகிறார்கள். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் சேர்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண்; 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். பேச்சைச் சோதிக்கக் கேள்வி கேட்பார்கள். ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் பாட்டியிடம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கிழமை கேட்டால் அவர் விழிப்பார். புத்தி தடுமாறுகிறது என்று குறித்துவிட வாய்ப்புண்டு. "இவருக்குத் தமிழ்தான் தெரியும், நான் கேட்டுச் சொல்கிறேன்" என்று நீங்கள் முன்வர வேண்டும். காது கேட்காது என்றாலும், கண்புரை அறுவை சிகிச்சை ஆனது என்றாலும் சொல்லிவிடுங்கள். அறுவை ஆன கண்ணின் பாவை முன்பிருந்தே வேறு மாதிரி இருக்கலாம்.

அடுத்தது, பயம். "அடுத்த மாநிலத்தில் இருக்கிறோம், போலீஸ், கோர்ட் என்று நமக்கு ஏன் வம்பு" என்று ஒதுங்கி நிற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இப்போது இல்லை. அவசர நிலையில் வந்தவருக்கு, போலீஸ் நடைமுறைக்குக் காத்திராமல் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்தது. உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிமுறைகளை 2016இல் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் கர்நாடகச் சட்டமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் இதையே சொல்கிறது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தவும் முடியாது. செலவைப் பற்றியும் ஒரு தகவல்: 2025 மே முதல், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் 7 நாள் வரை, ரூ. 1,50,000 வரை கட்டணமில்லாச் சிகிச்சை என்று மத்திய அரசின் திட்டம் உள்ளது. கேட்டுப் பெறுங்கள்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டால்

மருத்துவர் பார்த்து "வீட்டிலேயே கவனியுங்கள்" என்று அனுப்பினால் 24 மணி நேரம் ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கு ஒரு தடவை நிலையைப் பார்த்து ஒரு தாளில் நேரம் போட்டு எழுதுங்கள். தூங்கவே விடக் கூடாது என்பது தவறான எண்ணம்; தூங்கலாம். இரவில் இரண்டு மூன்று தடவை நன்றாக விழிக்கும்படி எழுப்பி, "பேர் என்ன, இது யாரு வீடு, நான் யாரு" என்று கேளுங்கள். எரிச்சலோடு திட்டினாலும் சரியாகப் பதில் சொன்னால் நல்லதே. எழுப்ப முடியாவிட்டாலும், முன்பு சொன்ன அடையாளம் ஏதாவது தெரிந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். மருத்துவரின் முதல் கேள்வியே "எப்போதிலிருந்து?" என்பதுதான்.

கடைசியாக 108. பதற்றத்தில் தெரிந்த கன்னடமும் வராது. ஆகவே இந்த வாக்கியங்களை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். "தலெகெ ஜோராகி பெட்டு பித்திதெ." தலையில் பலமாக அடிபட்டிருக்கிறது. "பிரக்ஞெ இல்ல." நினைவில்லை. "உசிராட்ட இதெ." மூச்சு இருக்கிறது. "எரடு சல வாந்தி ஆகிதெ." இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறார். வீட்டு எண்ணைவிட அடையாளம்தான் டிரைவருக்கு உதவும்: "லிங்கராஜபுர ஃப்ளைஓவர் ஹத்திர" என்று தொடங்கி, எந்தப் பக்கம், எந்தக் கோயில் அல்லது கடை, எத்தனையாவது குறுக்குத் தெரு என்று வரிசையாகச் சொல்லுங்கள். ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்பி நிற்கச் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் வைக்கும் வரை நீங்கள் ஃபோனை வைக்காதீர்கள்.